கருவிக்கு எட்டின மட்டும்

மாமா என் இடக்கையைப் பிடித்துக் கிற்றாரின் கழுத்தில் வைத்தது 2003ஆம் ஆண்டு ஆவணியில். முந்தைய ஆண்டு ஏ9 பாதை திறந்ததிலிருந்து வெளிநாட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வந்துபோனார்கள். பளையில் எங்கள் தென்னங்காணிக்கும் ஒருநாள் ஒரு வான் வந்து நின்றது. அம்மாவின் பெரியம்மா மகன், பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பதினாறு வருடம் நின்றவர், ஒரு பயணப்பெட்டியும் ஒரு கிற்றாருமாக இறங்கினார். அதே சமையலறையில் பாத்திரம் கழுவிய, ஸ்பெயினின் அந்தலூசியாவைச் சேர்ந்த ஜிப்சிக் கிழவர் ஒருவர்தான் அவருக்குப் பிளமெங்கோ வாசிக்கக் காட்டினாராம். வேலை முடிந்து, அடுப்பெல்லாம் அணைந்த பிறகு.

நடுவிரலை ஐந்தாம் தந்தியில் இரண்டாம் மெட்டில் வைத்தார். மோதிரவிரல் அதற்குப் பக்கத்தில், நாலாம் தந்தியில். சுட்டுவிரல் மூன்றாம் தந்தியில் முதலாம் மெட்டில். “அழுத்தாதை, இருத்து,” என்றார். பிறகு தன் வலக்கையால் தந்திகளை வருடினார். கிற்றாரிலிருந்து நான் எழுப்பிய முதல் ஒலியில் பாதி என் கை, பாதி அவர் கை.

“இதுக்குப் பேர் மேலால,” என்றார். அந்தப் பேரை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். மேற்கத்திய சங்கீதம் படித்தவர்கள், பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் ‘கோட்டு’ (chord) ஒன்றைச் சுரத்தின் பேரால் சொல்வார்கள். பழைய பிளமெங்கோக்காரர் கை நிற்கும் இடத்தால் சொல்வார்கள். ‘போர் அர்ரிபா’ என்றால் மேலால். ‘போர் மெதியோ’ என்றால் நடுவால். பாடகரின் குரல் எந்த உயரத்தில் நின்றாலும் கை அதே வடிவத்தில்தான் நிற்கும். கழுத்தில் ஒரு கட்டையைப் பூட்டி, அதைத் தேவையான மெட்டுக்கு நகர்த்திக்கொள்வார்கள். எங்களிடம் அந்தக் கட்டை இல்லை. ஒரு பென்சிலை வைத்துச் சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டினோம். வேலை செய்தது. கை வடிவத்துக்கு அவர்கள் சொல்லும் பேர் ‘போஸ்தூரா’. நிலை என்று தமிழில் சொல்லலாம். கூத்தில் நிற்கும் நிலையைப்போல இது விரலின் நிலை.

மூன்று மாதத்தில் மாமா முப்பத்தொரு நிலை காட்டினார். சதுரம் அடித்த கணக்குக் கொப்பியில் ஒவ்வொன்றையும் வரைந்து வைத்தேன். ஆறு கோடு, ஐந்து மெட்டு, கறுப்புப் புள்ளி. 2006இல் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டு, நாங்கள் பளையை விட்டு எழும்பினோம். கிற்றார் முதலில் போயிற்று. கொப்பி எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2009இல் செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள் படுத்தபடி, என் வலக்கை முழங்கைக்குக் கீழே உள்ள தசையைக் கிற்றாரின் கழுத்தாக நினைத்து இடக்கை விரல்களை அதில் இருத்திப் பார்ப்பேன். ஒலி இல்லை. விரல்கள் மட்டும் போய்த் தங்கள் இடத்தில் உட்காரும். 2012இல் திரும்ப ஒரு கிற்றார் கையில் வந்தது. அன்று பின்னேரம் கை தானாகப் பதினேழு நிலையைத் தந்தது. மிச்சம் பதினாலும் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மாமா அப்போது நோயில் கிடந்தார். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் பளையைத் தாண்டி யாழ்ப்பாணம் போகத் தொடங்கிய அந்தக் கிழமையில்தான் பாரிசிலிருந்து அவருடைய சாவுச் செய்தி வந்தது.

அதற்குப் பிறகுதான் பொதுக் கொப்பி என்ற எண்ணம் வந்தது. ஒருவரிடம் இருந்தால் தொலையும், நாலு பேரிடம் இருந்தால் தொலையாது என்ற எளிய கணக்கு. ரொறன்ரோவில் இருக்கிற என் மருமகள், கிளாலி யாகப்பர் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்த ஒருவர், பளையில் என்னிடம் வரும் இரண்டு பொடியன்கள், நான். ஒவ்வொருவரும் தெரிந்த நிலையை வரைவது, மற்றவர்கள் வாசித்துப் பார்ப்பது, சரியானால் எல்லாருடைய கொப்பியிலும் ஏற்றுவது. பக்கத்தின் அடியில், அதை யார் கை காட்டியது என்று எழுதுவது. இந்தக் கடைசி விதியை நான்தான் கேட்டு வாங்கினேன்.

கிளாலிக்காரர் முதல் நாளே ஒரு பிழை பிடித்தார். கத்தோலிக்கர் வழியாக வந்த கிற்றார் கை அவருடையது, ஒழுங்கானது. அவருடைய கோயிலின் யாகப்பரும் ஸ்பெயின் நாட்டின் காவலரான சந்தியாகோவும் ஒருவர்தான் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னவர். “அண்ணை, இதில ரெண்டு தந்தி விடுபட்டுப் போச்சு,” என்றார். ‘மேலால’ நிலைக்கு முன்னால் வரும் எஃப் நிலை அது. சுட்டுவிரல் ஆறாம் தந்தியில் முதலாம் மெட்டு, மோதிரவிரலும் சின்னவிரலும் ஐந்தாம் நாலாம் தந்திகளில் மூன்றாம் மெட்டு, நடுவிரல் மூன்றாம் தந்தியில் இரண்டாம் மெட்டு. கடைசி இரண்டு தந்தியும் வெறுமனே திறந்து கிடக்கும். பாடப்புத்தகத்தின்படி அவையிரண்டையும் சுட்டுவிரலால் மூடவேண்டும். திறந்துவிட்டால் அந்தக் கோட்டுக்குச் சேராத சுரங்கள் ஒலிக்கும். பிளமெங்கோவின் உயிர் அந்தச் சேராத ஒலியில்தான் இருக்கிறது. வாசித்துக் காட்டினேன். இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். பிறகு கொப்பியை எடுத்துத் தானே வரைந்தார்.

இந்த வேலையைச் செய்யலாமா என்று என்னைக் கேட்டவர் கோயிலில் நாதஸ்வரம் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர். பின்னேரங்களில் எங்கள் திண்ணையில் வந்து இருப்பார். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

“தம்பி, எங்கட ஐயா எனக்குக் கொப்பி தரேல்லை. கையைத்தான் தந்தவர். தொட்டுக் குடுத்தது தீட்சை மாதிரி. அதைக் கடதாசியில கீறி ஊருக்குக் குடுத்தா, ஆருக்கும் சொந்தமில்லாத சாமானாப் போகும். பிறகு ஆரும் அதுக்கு முன்னால இருந்து அழமாட்டினம்.”

நான் அன்று பதில் சொல்லவில்லை. பல மாதம் அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். அவர் தீட்சை என்ற சொல்லைச் சும்மா சொல்லவில்லை. சமய தீட்சை பெற்றவர்.

சைவத்தில் குரு சீடனுக்கு அருளும் வழிகளை ஏழாகச் சொல்வார்கள். பார்வையால் நயனம், தொடுகையால் பரிசம், சொல்லால் வாசகம், நினைவால் மானசம், நூலால் சாத்திரம், யோகம், ஓமம் வளர்த்துச் செய்யும் ஔத்திரி. பறவை தொட்டு அடைகாக்கும், மீன் பார்த்தே குஞ்சு பொரிக்கும், ஆமை கரையில் முட்டையிட்டுக் கடலில் இருந்து நினைத்தே பொரிக்கும் என்று சிறு வயதில் சைவபாட வகுப்பில் கேட்டிருக்கிறேன். மாமா என் விரலைப் பிடித்து வைத்தது பரிசம் அல்லாமல் வேறென்ன? செட்டிகுளத்தில் ஒலியில்லாமல் முழங்கையில் இருத்திப் பார்த்தது ஆமையின் வழி. பெரியவர் மறந்துபோன ஒன்று, அந்த ஏழில் நூலுக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது. நூல் வழியாகவும் அருள் வரும் என்று நம்பித்தான் நம்முடைய முன்னோர் சாத்திரத்தை அந்த வரிசையில் வைத்தார்கள். ஆனால் அது தனியே நிற்பதில்லை. நூலைச் சொல்லிக்கொடுக்கவும் ஒரு குரு வேண்டும்.

நூல் மட்டும் எஞ்சினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. யாழ். நாங்கள் இருக்கும் குடாநாட்டின் தலைநகருக்கே அதன் பேர். யாழ் வாசித்த ஒருவனுக்குப் பரிசாகக் கிடைத்த மணல் நிலம் என்று கதை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைத் தொழுது வாங்கும் இடத்தில், விரல் செய்யும் வேலைகளுக்குப் பேர்கள் இருக்கின்றன. வார்தல் என்கிறார் இளங்கோவடிகள், உருட்டல் என்கிறார், அள்ளல் என்கிறார், எட்டுப் பேர். அவை எல்லாம் கையின் பேர்கள். அந்தக் கை இன்று இல்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் சிலம்பின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, அலகு பிரித்து, வருடக்கணக்காக உழைத்து யாழ் நூலை எழுதினார். 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் போய்விட்டார். அந்த நூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பாணர் குடி தொடர்ந்து ஒரு பிள்ளையின் விரலைப் பிடித்து நரம்பில் வைத்திருந்தால் அவ்வளவு கணக்குக்கு ஒரு துறவி தன் உடம்பைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ஆக, பெரியவர் சொன்னதில் பாதி சரி. கொப்பி கை ஆகாது. ஆனால் கைகள் அறுந்த பிறகு விபுலாநந்தருக்குப் பிடித்துக்கொள்ள மிஞ்சியதும் எழுத்துத்தான். ஒரு பாணனும் தன் விரல் நிலையைப் புள்ளியாகக் குத்தி வைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்பெயினில் குத்தி வைத்தார்கள். ஜோன் கார்ல்ஸ் அமாத் என்ற கத்தலான் வைத்தியர் 1596இல், ஐந்து சோடித் தந்தி கொண்ட அந்தக் காலக் கிற்றாருக்குச் சின்னப் புத்தகம் ஒன்று போட்டார். கோட்டுகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் விரல் எங்கே நிற்கவேண்டும் என்று வட்டமாக ஒரு அட்டவணை. நோயாளி பார்க்கிற மனிதருக்கு இதில் என்ன அவசரம் என்று நான் யோசிப்பதுண்டு. பின்னால் இத்தாலிக்காரர்கள் எண்ணை விட்டு எழுத்துகளை வைத்தார்கள். அவர்களுடைய ஏ என்ற எழுத்து ஏ என்ற சுரத்தைக் குறிக்காது, ஒரு கை நிலையைக் குறிக்கும். மேலால, நடுவால என்று சொல்லும் ஜிப்சிக்காரரும் இந்த எழுத்துக்காரரும் ஒரே விதமாகத்தான் நினைத்திருக்கிறார்கள்: கைக்குப் பேர் வை, ஒலி தானே வரும். பிளமெங்கோவுக்கென்று ரஃபாயல் மாரின் 1902இல் ஒரு முறைநூல் எழுதினார், சுரக்குறிப்பும் இலக்கக் குறிப்புமாக. ஆனாலும் அந்தக் கலை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் கைமாறியது. பாக்கோ தெ லூசியாவுக்கு அப்பாவும் மூத்த அண்ணனும்தான் காட்டினார்கள். உலகமே அவர் வாசிப்பைக் கேட்டது. அவர் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்.

வீட்டுக்குள் பொத்தி வைத்ததற்கு நியாயமும் இருக்கிறது. அதை நான் லேசாகத் தாண்டமாட்டேன். ஜிப்சி என்று மற்றவர்கள் சொல்லும் ரோமா மக்கள் நம் துணைக்கண்டத்தின் வடமேற்கிலிருந்து போனவர்கள் என்பதற்கு அவர்களுடைய மொழியே சாட்சி. 1499இலேயே ஸ்பெயினில் அவர்களை ஊர் ஊராகத் திரியக்கூடாது, எசமான் இல்லாமல் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1749இல் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் பிடித்து அடைத்தார்கள். காணியும் பட்டமும் இல்லாத குடிக்கு விரல்தான் சொத்து. அந்தச் சொத்தை ஒருவன் மறைத்தால் அவனைக் கருமி என்று சொல்ல என்னால் முடியாது. எங்கள் நாதஸ்வரப் பெரியவரின் குடியும் அப்படித்தான் பிழைத்தது.

அதனால் நாங்கள் ஒரு எல்லை போட்டோம். இரண்டு பாட்டுக்கு இடையில் கிற்றார்க்காரர் வாசிக்கும் தனித் துண்டுகளைப் ‘பால்சேத்தா’ என்பார்கள். அது ஒருவர் கட்டினது. அவருடைய பேர் அதில் நிற்கவேண்டும். அது எங்கள் கொப்பியில் ஏறாது. நிலைகள் மட்டும் ஏறும். நிலை எழுத்தைப் போன்றது. அகரத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, கற்றுத் தந்தவரை வணங்கத்தான் முடியும். அந்த வணக்கத்துக்காகத்தான் பக்கத்தின் அடியில் கைப்பேர். முதல் பதினேழு பக்கத்திலும் மாமாவின் பேரும், அதற்கு மேலே ‘பாரிசில் பாத்திரம் கழுவிய பெரியவர்’ என்ற வரியும் இருக்கின்றன. அவருடைய பேரை மாமா எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் பிழை.

இவ்வளவும் யோசித்த பிறகும் பெரியவரின் கேள்வியின் நடுப்பகுதி அப்படியே இருந்தது. அழுகை எங்கே போகும்? பன்னிரண்டு அடித் தாளத்தில் மூன்றும் ஆறும் எட்டும் பத்தும் பன்னிரண்டும் கனக்க வேண்டும் என்று எழுதலாம். அந்தக் கனத்தை எப்படி எழுதுவது? எழுத முடியாததை விட்டுவிட்டு, எழுத முடிந்ததை மட்டும் கொடுப்பது ஏமாற்று ஆகாதா?

அதற்கு வழி காட்டியது பெரியபுராணம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவருடைய பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர். தருமபுரத்தில் அவருடைய உறவினர், இவர் யாழில் வாசிப்பதால்தான் பதிகத்தின் புகழ் பரவுகிறது என்று பேசிவிட்டார்கள். பாணர் துடித்துப்போய், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடவேண்டும் என்று சம்பந்தரிடம் கேட்டார். சம்பந்தர் பாடினார். யாழில் வரவில்லை. விரல்கள் நின்றுவிட்டன. இந்தக் கருவியால்தானே இந்தப் பழி என்று யாழை உடைக்க ஓங்கினார். யாழ்முரி என்று அந்தப் பண்ணுக்கே பேர் வந்தது இதனால்தான்.

உடைப்பதற்கு ஓங்கிய இடத்தோடு கதையை நிறுத்துகிறவர்கள் பலர். எனக்கு அடுத்ததுதான் முக்கியம். சம்பந்தர் தடுத்தார். இறைவனின் பெருமை இந்தக் கருவிக்குள் அடங்காது, அதற்காக ஏன் உடைக்கிறீர், இதில் வந்த மட்டும் வாசியும் என்று யாழைத் திரும்ப அவர் கையில் கொடுத்தார். பாணரும் வாசித்தார். நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலக்கும் நாள்வரை சம்பந்தரோடு இருந்தார். அடங்காதது ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அடங்கினதை வாசிக்கச் சொன்னாரே, அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கொப்பியும் ஒரு கருவி. அதற்கு எட்டின மட்டும் எழுதுகிறோம். எட்டாததை எழுதிவிட்டோம் என்று சொன்னால்தான் பொய்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். கனநேரம் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாசியும் எண்டு சொன்னவர் சம்பந்தர். நீர் சம்பந்தரே?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. இல்லை ஐயா என்றேன். அடுத்த நாளும் வந்து இருந்தார்.

கொப்பி நாற்பத்தொரு பக்கம் ஆனபோது புதிதாக ஒரு பொடியன் வந்தான். பதினேழு வயது. பத்து வயதில் வேலிக்குக் கதியால் நடக் கிடங்கு கிண்டியபோது மண்ணுக்குள் கிடந்தது ஒன்று வெடித்து, இடக்கையில் சின்னவிரல் முழுதும் மோதிரவிரலில் பாதியும் போய்விட்டன. முகமாலைப் பக்கம் இன்னும் வெள்ளைத் தடி, சிவப்புத் தடி நட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்கிற ஊர் எங்களுடையது. கிளாலிக்காரர், கிற்றாரை மறுபக்கம் திருப்பித் தந்தியை மாற்றிக் கட்டு, வலக்கையால் மெட்டைப் பிடிக்கட்டும் என்றார். வேறு சங்கீதம் என்றால் அது சரியான வழி. பிளமெங்கோவில் தந்தியை அடிக்கிற கைக்குத்தான் எல்லா விரலும் வேண்டும். சின்னவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரியும் அடி அது. ஆகவே இடக்கைதான் மெட்டில் நிற்கவேண்டியிருந்தது, மூன்று விரலோடு.

ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். பெல்ஜியத்தில் பிறந்த ரோமா. 1928இல் அவர் வசித்த வண்டில் வீடு தீப்பிடித்து, இடக்கையின் அதே இரண்டு விரல்களும் வளைந்து விறைத்துப்போயின. மிஞ்சின விரல்களுக்கென்று புது நிலைகளைக் கண்டு, ஜாஸ் உலகத்தில் ஒருவரும் வாசியாத விதமாக வாசித்தார். பொடியன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, அவர் வாசித்தது பிளமெங்கோ இல்லைத்தானே என்று கேட்டான். இல்லை என்றேன்.

அவன் எடுத்தது தரந்தா நிலை. தரந்தா, அந்தலூசியாவின் கிழக்கே சுரங்கத் தொழிலாளர்கள் பாடினது. நிலத்துக்குக் கீழே இறங்கினவர்களின் பாட்டு. ஆறாம் தந்தியில் இரண்டாம் மெட்டு, ஐந்திலும் நாலிலும் நாலாம் மெட்டு, மூன்றில் மூன்றாம் மெட்டு, கடைசி இரண்டும் திறப்பு. மூன்றாம் தந்தியும் திறந்த இரண்டாம் தந்தியும் அரைச் சுர இடைவெளியில் ஒன்றோடொன்று உரசும். அவன் பெருவிரலைக் கழுத்துக்கு மேலால் கொண்டுவந்து ஆறாம் தந்தியைப் பிடித்தான். எங்கள் கிற்றாரின் கழுத்து அகலம். ஒரு கிழமை கை வலித்தது. நடுவிரல் நாலாம் தந்தியில், சுட்டுவிரல் மூன்றாவதில். ஐந்தாம் தந்தியை விட்டுவிட்டான், பெருவிரல் நுனியால் தொட்டு ஊமையாக்கினான். ஒலி மெலிந்தது, ஆனால் அந்த உரசல் முன்னையைவிடத் தெளிவாகக் கேட்டது. பெரியவர் திண்ணையில் இருந்து எழும்பி உள்ளே வந்து நின்றார்.

நாற்பத்திரண்டாம் பக்கம் அவனுடையது. வரைய இருந்தபோதுதான் சிக்கல். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் விரலுக்கு எண் போடுவது வழக்கம்: சுட்டுவிரல் ஒன்று, நடுவிரல் இரண்டு, மோதிரவிரல் மூன்று, சின்னவிரல் நாலு. “அண்ணை, மற்றப் பக்கங்களில மூண்டும் நாலும் கிடக்கு. அது எனக்கு இல்லைத்தானே? அப்ப இந்தக் கொப்பி எனக்கில்லையோ?” என்று கேட்டான். ஒருவரும் பேசவில்லை. மாமா என் விரலை வைத்த அன்றிலிருந்து, நிலை என்றால் விரல் என்றே நினைத்திருந்தேன். நிலை தந்தியிலும் மெட்டிலும் இருக்கிற ஓர் இடம். அங்கே எது போய் இருந்தாலும் சரி.

மருமகள் ரொறன்ரோவிலிருந்து ஒத்துக்கொள்ளவில்லை. எண் இல்லாவிட்டால் தொடங்குகிறவர்களுக்குக் கை சிக்கும், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போக வழி தெரியாது என்றாள். அவள் சொன்னதும் உண்மை. இரண்டு நாள் தொலைபேசியில் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். புள்ளி மட்டும் ஒரு தாளில். எதிர்த் தாளில், இந்தக் கை இப்படிப் பிடித்தது என்று கைப்பேரோடு விரல் எண்கள். ஒரு நிலைக்கு எத்தனை கையும் வரலாம், இடம் விட்டு வைப்பது.

அப்படி என்றால் பழைய நாற்பத்தொரு பக்கத்தையும் திரும்ப வரையவேண்டும். பொடியன்தான் கோடு அடிக்கிறான், அடிமட்டத்தை அந்த இடக்கையால் அமத்திப் பிடித்து. பின்னேர யாழ்தேவி போகும்போது சத்தத்தில் வாசிக்கமுடியாது. அந்த நேரத்தில் கீறிக்கொள்வோம். இன்று பத்தொன்பதாம் பக்கம் முடிந்தது. பெரியவர் பென்சில் சீவித் தருகிறார்.